செலினியமா, பிளேரைட்டா, சைப்ரஸா: பிரவுசர் சோதனைக்கு எதை எடுப்பது?

"அக்கா, செலினியம் படிக்கவா, பிளேரைட் படிக்கவா?" வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகப் படிப்பை முடிக்கும் பிள்ளைகள் கேட்பது இது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து இணையத்தளம் செய்து கொடுப்பவர்கள் வேறு மாதிரிக் கேட்கிறார்கள்: "ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் எல்லாப் பக்கத்தையும் கையால் அழுத்திப் பார்த்து அலுத்துப்போச்சு. எதைப் போட்டால் இந்த வேலை தானாக நடக்கும்?"

செலினியம், பிளேரைட், சைப்ரஸ் எல்லாம் பிரவுசரை ஸ்கிரிப்டால் ஓட்டி இணையத்தளத்தைச் சோதிக்கும் கருவிகள். வேலை தேடும் பிள்ளைக்குப் பொருந்தும் தெரிவு மூன்று பேர் குழுவுக்குத் தலையிடியாகலாம். அதனால் எதை வைத்து அளப்பது என்று முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் கருவிகளுக்குப் போகிறேன்.

அளந்து பார்க்க ஒரு தளம் வேண்டும். பாசிக்குடாவில் ஒரு சிறிய விடுதி என்று வைத்துக்கொள்வோம். அதன் முன்பதிவுத் தளம் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் இருக்கிறது. விருந்தினர் திகதியைத் தெரிவு செய்கிறார், பெயரும் அடையாள அட்டை இலக்கமும் கொடுக்கிறார், கடனட்டையில் முற்பணம் கட்டுகிறார், கடைசியில் உறுதிப் பக்கம் வருகிறது. இந்த ஒரே பாதையை ஒவ்வொரு கருவியும் எப்படி ஓட்டும் என்று பார்ப்போம்.

## எதை வைத்து அளப்பது

திருத்தப்போவது யார். என் கணக்கில் இதுவே முதல். சோதனை ஸ்கிரிப்ட் எழுதுவது சின்ன வேலை. ஆறு மாதம் கழித்து வடிவமைப்பு மாறும்போது அதைத் திறந்து சரிசெய்வதுதான் பெரிய வேலை. அதைச் செய்யப்போகிறவருக்கு எந்த மொழி கைவருமோ, அந்த மொழியில் நன்றாக ஓடும் கருவியே நல்ல கருவி. குழுவில் எல்லோரும் ஜாவாஸ்கிரிப்ட் எழுதும்போது ஒருவர் மட்டும் ஆசைப்பட்டுப் பைதனில் சோதனை எழுதி வைத்தால், அவர் கட்டாருக்கோ கொழும்புக்கோ வேலைக்குப் போன மறுநாளே அந்தச் சோதனைகளுக்கு ஆள் இல்லை.

காத்திருக்கத் தெரியுமா. பிரவுசர் சோதனைகள் காரணமில்லாமல் ஒரு நாள் பாஸ், மறுநாள் பெயில் என்று ஆடுவதற்குப் பெரும்பாலும் காரணம் நேரம்தான். பக்கம் வந்து சேருமுன் ஸ்கிரிப்ட் பட்டனை அழுத்தப் பார்க்கும். அலுவலகத்தில் ஃபைபர் இணைப்பில் ஓடியது, வீட்டில் 4ஜி ரூட்டரில் ஓடாது.

ஐபோன். பாசிக்குடாவுக்கும் அறுகம்பைக்கும் வரும் வெளிநாட்டவர் பலரின் கையில் இருப்பது ஐபோன். சபாரியின் உள்ளே ஓடுவது வெப்கிட் என்ற இயந்திரம். இங்கே நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் விண்டோஸ் மடிக்கணினிகள், அவற்றில் சபாரி ஓடாது.

டேட்டாவும் கணினியும். 4 ஜிபி ரேம் உள்ள பழைய மடிக்கணினி, டொங்கிள் டேட்டா, இடையில் கரண்ட் போகும் நாள். கருவியை நிறுவுவதற்கே சில நூறு எம்பி இறங்குமென்றால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

காசு கட்டும் பக்கம். முற்பணம் கட்டும்போது தளம் வேறொரு டொமைனுக்குப் போகிறது, அல்லது பக்கத்துக்குள் இன்னொரு பக்கமாக ஐஃபிரேமில் திறக்கிறது. சில கருவிகள் இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன.

## கையால் சோதிப்பது

இதையும் ஒரு தெரிவாகவே வைக்கிறேன். நான்கு பக்கமுள்ள கடைத் தளம், செய்து கொடுத்த பிறகு ஒரு வருடத்துக்கு யாரும் தொடமாட்டார்கள் என்றால் ஸ்கிரிப்ட் தேவையில்லை. ஒரு தாளில் பத்துப் படி எழுதி, போனில் ஒரு தடவை, கணினியில் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். வடிவமைப்பு வாராவாரம் மாறும் தொடக்க நாட்களிலும் அப்படித்தான், எழுதிய ஸ்கிரிப்டைத் திருத்துவதிலேயே நேரம் போய்விடும்.

மறைந்திருக்கும் செலவு ஆளின் அலுப்பு. மூன்று மொழி, இரண்டு வகை அடையாள அட்டை, உள்நாட்டவர், வெளிநாட்டவர் என்று பெருக்கிப் பாருங்கள், அது ஒரு பொழுது முழுக்க எடுக்கும். அலுத்த ஆள் சிங்களப் பக்கத்தைத் திறக்காமலே "சரி" என்று போட்டுவிடுவார். அந்த நிலை வந்ததும் தானியக்கத்துக்குப் போக வேண்டியதுதான்.

## செலினியம்

2004இல் தோட்வேர்க்ஸ் நிறுவனத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கியது. பின்னர் சைமன் ஸ்டுவர்ட்டின் வெப்டிரைவரும் அதோடு சேர்ந்தது. பிரவுசரை வெளியிலிருந்து ஓட்டும் அந்த வெப்டிரைவர் முறை 2018இல் டபிள்யூ3சி என்ற இணையத் தர அமைப்பின் தரமாகவே ஆகிவிட்டது. குரோம், பயர்பொக்ஸ், எட்ஜ், சபாரி எல்லாவற்றையும் செய்பவர்களே அதற்கான டிரைவரை, அதாவது ஸ்கிரிப்டுக்கும் பிரவுசருக்கும் நடுவில் நிற்கும் சிறு நிரலை, தருகிறார்கள். இந்தத் தரம்தான் செலினியத்தின் பெரிய பலம். ஒரு நிறுவனம் மனம் மாறினால் காணாமல் போகும் பொருளில்லை இது. தானியக்க உலகில் அப்படிப் போனவை உண்டு: பாண்டம்ஜேஎஸ் 2018இல் நின்றது, அங்குலருக்கென்று இருந்த புரொட்ராக்டருக்கு 2023இல் ஆதரவு முடிந்தது.

பைதன், ஜாவா, சி ஷார்ப், ரூபி, ஜாவாஸ்கிரிப்ட் எல்லாவற்றிலும் எழுதலாம். நிறுவும் சுமை மிகக் குறைவு, கணினியில் ஏற்கனவே இருக்கும் குரோமையே ஓட்டும். முன்பெல்லாம் குரோம் தன்னைப் புதுப்பித்துக்கொண்டதும் டிரைவர் பதிப்புப் பொருந்தாமல் சோதனை எல்லாம் விழும். 4.6 பதிப்பிலிருந்து செலினியம் மேனேஜர் பொருத்தமான டிரைவரைத் தானே எடுத்து வைக்கிறது. பழைய வழிகாட்டிகள் இன்னும் "டிரைவரை இறக்கிப் பாதையில் வை" என்றே சொல்லும், புதிதாகத் தொடங்குபவர்கள் அந்தப் படியைத் தாண்டிப் போகலாம்.

மறைந்திருக்கும் செலவு காத்திருப்பு. செலினியம் தானாகப் பெரிதாகக் காத்திருக்காது. எந்த இடத்தில் எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று நீங்கள் எழுத வேண்டும். நம்முடைய முன்பதிவுப் பாதையில் திகதியைத் தெரிவு செய்ததும் காலியான அறைகளின் பட்டியல் பின்னால் வருகிறது. பட்டியலில் முதல் அறையை ஸ்கிரிப்ட் பிடித்து வைத்திருக்கும் கணத்தில் பக்கம் தன்னை மறுபடி வரைந்துவிட்டால், கையில் இருப்பது செத்த பிடிமானம். செலினியம் எழுதியவர்கள் எல்லோருக்கும் அந்தப் பிழைச் செய்தி தெரியும். புதியவர்கள் உடனே செய்வது ஐந்து செக்கன் தூங்கு என்று ஒரு வரி போடுவது. அது ஒரு தடவை வேலை செய்யும், அப்புறம் எல்லா இடத்திலும் அதே வரி முளைக்கும். பட்டியல் கண்ணுக்குத் தெரியும்வரை காத்திரு, பட்டன் அழுத்தக்கூடிய நிலைக்கு வரும்வரை காத்திரு என்று நிபந்தனை வைத்துக் காத்திருப்பதே சரியான வழி. அதைக் கற்றுக்கொள்ள நேரம் வேண்டும்.

இரண்டாவது செலவு சபாரி. செலினியம் சபாரியை ஓட்டும், ஆனால் மேக் கணினி வேண்டும். இல்லையென்றால் மாதக் கட்டணத்துக்கு இணையத்தில் பிரவுசர் வாடகைக்குத் தரும் சேவைகள்தான், அதுவும் டொலரில்.

செலினியம் நல்ல தெரிவாவது எப்போது என்றால்: நிறுவனத்தில் ஏற்கனவே நூற்றுக்கணக்கில் செலினியம் சோதனைகள் இருக்கும்போது, குழு ஜாவாவில் இருக்கும்போது, பயனர் பயன்படுத்தும் அசல் பிரவுசரிலேயே ஓட்டியாக வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்கும்போது.

ரூபி தெரிந்தவர்களுக்கு வாட்டர் என்று ஒன்று உண்டு. இன்டர்நெட் எக்ஸ்புளோரரை ரூபியிலிருந்து ஓட்டுவதற்காகப் பிறந்தது, இன்று செலினியத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வாசிக்க மிக இதமான எழுத்து. ஆனால் இங்கே ரூபி எழுதும் குழுவை நான் கண்டது குறைவு.

## பிளேரைட்

மைக்ரோசொஃப்ட் 2020இல் வெளியிட்டது. முன்பு கூகுளில் பப்பட்டியர் என்ற பிரவுசர் ஓட்டும் கருவியைச் செய்த பொறியியலாளர்கள்தான் அங்கே போய் இதைச் செய்தார்கள். ஜாவாஸ்கிரிப்ட், டைப்ஸ்கிரிப்ட், பைதன், ஜாவா, டொட்நெட் ஆகியவற்றில் எழுதலாம்.

செலினியத்தில் நாம் எழுத வேண்டியிருந்த காத்திருப்பை இது தானே செய்கிறது. ஒரு பட்டனை அழுத்தச் சொன்னால், அது கண்ணுக்குத் தெரிகிறதா, அசையாமல் நிற்கிறதா, வேறெதுவும் அதை மறைக்கவில்லையா, அழுத்தக்கூடிய நிலையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அழுத்தும். முன்பதிவுப் பாதையில் அறைப் பட்டியல் மறுபடி வரையப்பட்டாலும் பிரச்சினையில்லை, ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் பட்டனைப் புதிதாகத் தேடியே பிடிக்கிறது. 4ஜியில் ஓடும்போது இதன் அருமை தெரியும்.

ஐபோன் பிரச்சினைக்கும் பதில் இருக்கிறது. பிளேரைட் குரோமியம், பயர்பொக்ஸ், வெப்கிட் மூன்றையும் தானே கொண்டுவருகிறது, வெப்கிட் விண்டோஸிலும் ஓடும். அது அசல் சபாரி இல்லைதான். ஆனாலும் "குரோமில் சரி, ஐபோனில் பட்டன் காணவில்லை" என்ற வகைப் பிழைகளில் நல்ல பங்கு இங்கேயே அகப்படும். மேக் வாங்க வசதியில்லாத குழுவுக்கு இது பெரிய விஷயம்.

எனக்கு மிகவும் பிடித்தது தடப்பதிவு பார்க்கும் வசதி. சோதனை விழுந்தால், ஒவ்வொரு படியிலும் பக்கம் எப்படி இருந்தது, எந்தக் கோரிக்கை எங்கே போனது என்று பின்னோக்கிப் பார்க்கலாம். விழுந்த சோதனையின் தடப்பதிவை வாட்ஸப்பில் அனுப்பினால் அடுத்தவர் தன் கணினியில் திறந்து பார்ப்பார். ஆளுக்கொரு ஊரிலிருந்து வேலை செய்யும் குழுவுக்கு இது போதும். பிரவுசரில் நீங்கள் அழுத்துவதைப் பார்த்துக் குறிமுறையைத் தானே எழுதித் தரும் வசதியும் உண்டு. கற்கத் தொடங்குபவர்கள் அதை ஓட்டி, எழுதித் தந்ததை வரி வரியாக வாசித்தால் விரைவில் பிடிபடும். ஆனால் அது தந்ததை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டாம்.

செலவுகளுக்கு வருவோம். முதலாவது டேட்டா. மூன்று பிரவுசரையும் இறக்கினால் சில நூறு எம்பி போகும். பிளேரைட்டைப் புதுப்பிக்கும்போது பிரவுசர்களும் மறுபடி இறங்கும். குரோமியம் மட்டும் இறக்கு என்று சொல்லலாம், அல்லது கணினியில் இருக்கும் குரோமையே பயன்படுத்து என்றும் சொல்லலாம். வெப்கிட்டைக் கிட்ஹப் அக்ஷன்ஸில், அதாவது கிட்ஹப் தளத்தின் கணினிகளில், மட்டும் ஓட்டினால் அந்த இறக்கம் உங்கள் டொங்கிளில் விழாது. தனிப்பட்ட குறிமுறைக் களஞ்சியங்களுக்கு இலவசக் கணக்கில் மாதம் 2000 நிமிடம் தருகிறார்கள், சின்னக் குழுவுக்கு அது தாராளம். கரண்ட் போனாலும் சோதனை அங்கே ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது செலவைப் பலரும் சொல்வதில்லை. பிளேரைட்டின் முழு வசதியும் டைப்ஸ்கிரிப்ட் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரே நேரத்தில் பல சோதனை ஓட்டுவது, விழுந்ததை மறுபடி முயல்வது, அழகான அறிக்கை எல்லாம் அங்கே கையோடு வரும். பைதனில் அவற்றைப் பைடெஸ்ட் என்ற சோதனைப் பொதியும் அதன் துணைப் பொதிகளும் சேர்த்து நீங்கள் பொருத்த வேண்டும். முடியாத வேலையில்லை, ஆனால் முதல் வாரத்தில் அதற்கு நேரம் போகும்.

புதிதாகத் தொடங்கும் எந்தக் குழுவுக்கும் நான் முதலில் சொல்வது பிளேரைட்டைத்தான். தளம் ரியாக்ட் அல்லது வியூவில் செய்தது என்றால் டைப்ஸ்கிரிப்ட், ஜாங்கோவில் செய்தது என்றால் பைதன்.

## சைப்ரஸ்

இது பிரவுசருக்கு உள்ளேயே, உங்கள் தளத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓடுகிறது. மற்றவை வெளியிலிருந்து ஓட்டுகின்றன. அந்த ஒரு வித்தியாசத்தில்தான் அதன் நன்மையும் தீமையும் இருக்கின்றன.

நன்மை: சோதனை ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம், ஒவ்வொரு படியின் மேலும் சுட்டியை வைத்தால் பக்கம் அந்தக் கணத்தில் எப்படி இருந்தது என்று காட்டும். கோப்பைச் சேமித்த உடனே மறுபடி ஓடும். பக்க வடிவமைப்பு செய்பவருக்கு, அதிலும் ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் தெரிந்தவருக்கு, இதைவிட இதமாகத் தொடங்க வேறு கருவி இல்லை.

தீமை: ஜாவாஸ்கிரிப்ட், டைப்ஸ்கிரிப்ட் தவிர வேறு மொழி இல்லை. துணைப் பொதி இல்லாமல் இரண்டாவது தாவலை ஓட்ட முடியாது. வேறு டொமைனுக்குப் போனால் அதற்கென்று தனிக் கட்டளைக்குள் எழுத வேண்டும். ஐஃபிரேமுக்குள் போவதற்குச் சுற்றுவழி வேண்டும். நம்முடைய முற்பணப் படி சரியாக இந்த இடத்தில் இருக்கிறது. வெப்கிட் ஆதரவு இன்னும் பரிசோதனை நிலை. பல கணினிகளில் சோதனையைப் பிரித்து ஓட்டும் வசதியை அவர்களுடைய இணையச் சேவையோடு இணைத்து வைத்திருக்கிறார்கள்.

காசு கட்டும் படி இல்லாத தளம், உதாரணத்துக்கு ஒரு பாடசாலையின் மாணவர் பதிவுத் தளம் அல்லது அலுவலகத்துக்குள் மட்டும் பயன்படும் கணக்குப் பலகை என்றால், சைப்ரஸ் நன்றாகவே போகும்.

## ரோபோட் பிரேம்வேர்க்

குழுவில் சோதிப்பவர் நிரல் எழுதாதவர் என்றால் இதைப் பார்க்க வேண்டும். பெக்கா கிளார்க்கின் 2005 ஆய்வேட்டிலிருந்து பிறந்து, நோக்கியா நெட்வேர்க்ஸில் வளர்ந்து, 2008இல் திறந்த மூலமானது. பைதனில் எழுதப்பட்டது. சோதனையைச் சாதாரண வசனம்போல எழுதலாம். அந்த வசனத்தின் பின்னால் செலினியமோ பிளேரைட்டோ ஓடும்.

நாமே ஆக்கும் கட்டளைகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். "விருந்தினர் பெயரைக் கொடு", "முற்பணம் கட்டு", "உறுதிப் பக்கம் வந்ததா பார்" என்று எழுதினால் விடுதியின் முகாமையாளரும் வாசித்து, "இல்லை, முற்பணம் கட்டுமுன் தொலைபேசி இலக்கம் கேட்க வேணும்" என்று சொல்ல முடியும். அறிக்கையும் கையோடு வருகிறது, வாடிக்கையாளருக்கு அப்படியே கொடுக்கலாம்.

செலவு எங்கே என்றால், வசனத்தின் பின்னால் இருக்கும் வேலையை யாராவது பைதனில் எழுதித்தான் ஆக வேண்டும். நிபந்தனைகளும் சுற்றுகளும் கூடிய சோதனையை இந்த வடிவில் எழுதினால் பார்க்கவே சகிக்காது. பைதன் தெரிந்தவர் குழுவில் யாருமே இல்லை என்றால் எடுக்க வேண்டாம். மூன்று பேருமே நிரல் எழுதுபவர்கள் என்றாலும் வேண்டாம், இடையில் ஒரு அடுக்கு வீண்.

## ஒரே பார்வையில்

| | செலினியம் | பிளேரைட் | சைப்ரஸ் | ரோபோட் பிரேம்வேர்க் |
|---|---|---|---|---|
| எழுதும் மொழி | ஏறக்குறைய எல்லாம் | டைப்ஸ்கிரிப்ட், பைதன், ஜாவா, டொட்நெட் | ஜாவாஸ்கிரிப்ட், டைப்ஸ்கிரிப்ட் | வசன வடிவம், பின்னால் பைதன் |
| காத்திருப்பு | நாம் எழுத வேண்டும் | தானாக | தானாக | பின்னால் ஓடுவதைப் பொறுத்தது |
| ஐபோன் பயனர் | மேக் வேண்டும் | வெப்கிட், விண்டோஸிலும் | பரிசோதனை நிலை | பிளேரைட்டோடு சேர்த்தால் சரி |
| நிறுவும் சுமை | குறைவு | அதிகம் | அதிகம் | பின்னால் ஓடுவதைப் பொறுத்தது |
| காசு கட்டும் பக்கம் | சரி | சரி | சிரமம் | சரி |
| அதிகம் பொருந்துவது | பழைய பெரிய திட்டம், ஜாவா | புதிய தொடக்கம் | பக்க வடிவமைப்புக் குழு | நிரல் எழுதாத சோதனையாளர் |

## எந்தக் கருவியும் தானாகச் செய்து தராதவை

இந்தப் பகுதி பிற மொழிகளில் வரும் ஒப்பீடுகளில் இருக்காது. ஆனால் இங்கே வேலை செய்பவர்களின் நேரத்தைத் தின்பது இதுதான்.

படுவான்கரையின் கொக்கட்டிச்சோலையை எடுத்துக்கொள்ளுங்கள். விருந்தினர் முகவரியில் இந்த ஊர்ப் பெயரைக் கொடுக்கிறார், உறுதிப் பக்கத்தில் அதே பெயர் வருகிறதா என்று ஸ்கிரிப்ட் ஒப்பிடுகிறது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன, சோதனை விழுகிறது. காரணம், யூனிக்கோடில் "கொ" என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: க வும் ஒகரக் குறியும் என இரண்டு குறியீடாக, அல்லது க, ஒற்றைக் கொம்பு, கால் என மூன்று குறியீடாக. "சோ"வுக்கும் அப்படியே. ஆகவே கண்ணுக்கு 8 எழுத்தாகத் தெரியும் இந்தப் பெயரைப் பைதனிடம் நீளம் கேட்டால், முதல் விதத்தில் 15 என்றும் இரண்டாவது விதத்தில் 17 என்றும் சொல்லும். எந்த விசைப்பலகையில் தட்டியது, பாமினி என்ற பழைய எழுத்துருவிலிருந்து எந்த மாற்றி வழியாக வந்தது என்பதைப் பொறுத்து இது மாறலாம். ஒப்பிடுமுன் இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிக்கோட் வடிவுக்குக் கொண்டுவாருங்கள். பைதனில் யூனிக்கோட் டேட்டா என்ற பொதி அதனோடேயே வருகிறது, ஜாவாஸ்கிரிப்டில் சரங்களுக்கே அந்தச் செயல்பாடு உண்டு. இரண்டிலும் ஒரு வரிதான். ஔகாரத்தில் மட்டும் கவனம்: வலது பக்கக் குறிக்குப் பதிலாக "ள" எழுத்தைத் தட்டியிருந்தால் இந்த மாற்றம் அதைச் சரிசெய்யாது, ஏனென்றால் அது வேறு எழுத்து.

இதே காரணத்தால் பெயர்ப் பெட்டிக்கு 20 எழுத்து என்று எல்லை வைத்திருக்கிறார்களா என்றும் சோதியுங்கள். அந்த எல்லை குறியீடுகளைத்தான் எண்ணும். "மட்டக்களப்பு" என்ற 8 எழுத்தே 12 ஆகிவிடும். தமிழில் முழுப்பெயர் எழுதுபவரின் பெயர் பாதியில் வெட்டுப்படும்.

மூன்று மொழித் தளத்தில் பட்டனை அதன் எழுத்தை வைத்துத் தேடக்கூடாது. "முன்பதிவு செய்க" என்று தேடும் ஸ்கிரிப்ட் சிங்களப் பக்கத்தில் விழும். மொழிபெயர்ப்பை யாராவது திருத்தினாலும் விழும். பக்கம் செய்பவரிடம் சொல்லி ஒவ்வொரு முக்கிய பட்டனுக்கும் சோதனைக்கென்று ஒரு நிலையான அடையாளம் வைக்கச் சொல்லுங்கள். எந்தக் கருவியை எடுத்தாலும் இது பயன்படும், நாளைக்குக் கருவியை மாற்றினாலும் பயன்படும். பட்டன்கள் எங்கே இருக்கின்றன என்ற விவரத்தைப் பக்கத்துக்கு ஒரு கோப்பாகப் பிரித்து வைத்தால், செலினியத்திலிருந்து பிளேரைட்டுக்கு மாறும் நாளில் அந்தக் கோப்புகளை மட்டும் திருத்தினால் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும்.

திகதியிலும் ஒரு பொறி இருக்கிறது. கிட்ஹப்பின் கணினிகள் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன, இலங்கை அதற்கு 5 மணி 30 நிமிடம் முன்னால். இங்கே நள்ளிரவு தாண்டியதிலிருந்து காலை 5.30 வரை அங்கே இன்னும் முந்தைய நாள். "இன்றைக்கு அறை பதிவு செய்" என்ற சோதனையை இரவு 2 மணிக்கு ஓட வைத்தால், நேற்றைய திகதிக்குப் பதிவு கேட்டு விழும். காலையில் கையால் ஓட்டினால் பாஸாகும். பிளேரைட்டில் பிரவுசரின் நேர வலயத்தைக் கொழும்புக்கு அமைக்கலாம். ஆனால் ஸ்கிரிப்ட் தானே திகதியைக் கணக்கிடுகிறது என்றால் அங்கேயும் நேர வலயத்தைச் சொல்ல வேண்டும்.

படம் பிடித்து ஒப்பிடும் சோதனைகளில் எழுத்துரு குறுக்கே வரும். விண்டோஸில் தமிழ் நிர்மலாவில் தெரியும். லினக்ஸ் கணினியில் அது இருக்காது, தமிழ் எழுத்துருவே நிறுவப்படவில்லை என்றால் வெறும் பெட்டிகள்தான். ஒப்பீட்டுக்கான மூலப் படத்தையும் சோதனையையும் ஒரே வகைக் கணினியில் எடுங்கள்.

அடையாள அட்டை இலக்கத்துக்குத் தனியாகச் சோதனை எழுதுங்கள். பழையது 9 இலக்கமும் வி அல்லது எக்ஸ் எழுத்தும், புதியது 12 இலக்கம். இரண்டிலும் பிறந்த வருடத்துக்குப் பிறகு வரும் மூன்று இலக்கம் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதைச் சொல்லும், பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். ஆகவே நாள் 400 என்று வரும் இலக்கத்தைத் தளம் ஏற்றுக்கொண்டால் அது பிழை. இந்தச் சோதனைக்கு ஒருபோதும் உண்மையான வாடிக்கையாளரின் இலக்கத்தை எடுக்க வேண்டாம், விதியின்படி நீங்களே உருவாக்கிக்கொள்ளுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பது ஒருபுறம். சோதனைக் கோப்புகள் கிட்ஹப்பில் கிடக்கும், யார் யார் கண்ணில் படும் என்று சொல்ல முடியாது என்பது மறுபுறம்.

முற்பணத்தையும் அசல் கடனட்டையில் சோதிக்கக்கூடாது. வங்கி அனுப்பும் ஒருமுறைக் குறியீடு போனுக்கு வரும், ஸ்கிரிப்டால் அதை எடுக்க முடியாது, எடுக்க வழி பார்ப்பதும் சரியல்ல. கட்டணச் சேவைகள் தரும் சோதனைச் சூழலையும் சோதனை அட்டை இலக்கங்களையும் பயன்படுத்துங்கள்.

## யார் எதை எடுப்பது

மூன்று பேர் குழு, புதிய தளம், கையில் பைதன் அல்லது ஜாவாஸ்கிரிப்ட்: பிளேரைட். முதலில் குரோமியத்தில் மட்டும் முன்பதிவுப் பாதையை முழுதாக ஓட வையுங்கள். அது ஒரு வாரம் ஆடாமல் ஓடிய பிறகு வெப்கிட்டைச் சேருங்கள். ஐம்பது சோதனைகளை ஒரே மூச்சில் எழுதத் தொடங்க வேண்டாம். காசு வரும் பாதைக்கு நம்பகமான ஐந்து சோதனை இருந்தால் அந்த விடுதிக்காரர் நிம்மதியாகத் தூங்குவார்.

ஏற்கனவே செலினியம் ஓடிக்கொண்டிருக்கும் இடம்: மாற்ற வேண்டாம். தூங்கும் வரிகளை எல்லாம் தேடி, நிபந்தனைக் காத்திருப்பாக மாற்றுங்கள். பெரும்பாலான புகார்கள் அதோடே குறைந்துவிடும். புதிய பகுதிகளை மட்டும் வேறு கருவியில் எழுதலாமா என்று அப்புறம் யோசிக்கலாம்.

பக்க வடிவமைப்பு மட்டும் செய்யும் ஜாவாஸ்கிரிப்ட் ஆள், காசு கட்டும் படி இல்லாத தளம்: சைப்ரஸ். சோதிப்பவர் நிரல் எழுதாதவர், பக்கத்தில் பைதன் தெரிந்த ஒருவர் இருக்கிறார்: ரோபோட் பிரேம்வேர்க்.

வேலை தேடும் பிள்ளைகளுக்கு என் பதில் கொஞ்சம் வேறு. கொழும்பு நிறுவனங்களின் விளம்பரங்களில் செலினியமும் ஜாவாவும் இன்னும் சேர்ந்தே வருகின்றன, பிளேரைட்டும் இப்போது கூடவே தலைகாட்டுகிறது. ஆகவே பிளேரைட்டில் தொடங்கி ஒரு தளத்துக்கு முழுச் சோதனை எழுதுங்கள். பிறகு அதே பாதையைச் செலினியத்தில் எழுதிப் பாருங்கள். பிளேரைட் தானாகச் செய்த காத்திருப்பை எல்லாம் அப்போது கையால் எழுத வேண்டிவரும். எதற்காக, எவ்வளவு நேரம், எந்த நிபந்தனைக்குக் காத்திருந்தீர்கள் என்று விளக்கத் தெரிந்தவரை நேர்முகத் தேர்வில் உடனே அடையாளம் காண்பார்கள். இரண்டையும் ஒரே களஞ்சியத்தில், ஒரு சிறு விளக்கக் கோப்போடு கிட்ஹப்பில் போட்டுவிட்டு, விண்ணப்பத்தில் அந்த இணைப்பைக் கொடுங்கள்.